காய்ச்சல் யாருடைய செயல்? சுவாச வைரஸ் நோய்களின் அறிகுறிகளைப் புரிந்துகொண்ட வரலாறு

'வைரஸ் காய்ச்சல்' என்னும் தொடர் இன்று மருத்துவர் சீட்டிலும் பள்ளி விடுப்பு விண்ணப்பத்திலும் நாளிதழிலும் ஒருங்கே வழங்குகிறது. வைரஸ் உடலுக்குள் புகுந்தது, அது காய்ச்சலை உண்டாக்கியது என்னும் எளிய காரணத் தொடர்பு அச்சொற்களுக்குள் பொதிந்துள்ளது. கடந்த நூற்றிருபது ஆண்டுகளின் மருத்துவ வரலாறு இத்தொடர்பைப் படிப்படியாகத் திருத்தி வந்துள்ளது. காய்ச்சல், உடல்வலி, சோர்வு, மூக்கொழுக்கு, தட்டம்மையின் செந்தடிப்பு ஆகியவற்றில் பெரும்பகுதி, வைரஸை எதிர்கொள்ளும் உடலே உண்டாக்குபவை. இவ்வுண்மை ஓர் ஆய்வகத்தில் ஒரே நாளில் வெளிப்படவில்லை. குழந்தைகளின் இறப்பு, தோல்வியுற்ற தடுப்பூசி, எதிர்பாராத பக்கவிளைவு ஆகியவற்றின் வழியே அது தெளிவாயிற்று. அதை அரைகுறையாகப் புரிந்துகொண்டதன் விளைவுகளை 2021-ஆம் ஆண்டில் இந்தியாவும் கண்டது.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் இக்கேள்விக்கு விடை முன்பே கிடைத்துவிட்டதாகக் கருதப்பட்டது. 1888-இல் பாரிசில் எமில் ரூ, அலெக்சாந்தர் யெர்சின் ஆகிய இருவரும் தொண்டை அடைப்பான் கிருமியை வளர்த்த நீரை வடிகட்டி, கிருமியற்ற அந்நீரே விலங்குகளைக் கொல்வதைக் காட்டினர். கிருமி நஞ்சைச் சுரக்கிறது. நஞ்சு நோயை உண்டாக்குகிறது. தொண்டை அடைப்பானைப் பொறுத்தவரை இது சரியான விளக்கம். அவ்வெற்றிக்குப் பின் பிற தொற்றுநோய்களின் அறிகுறிகளும் கிருமியின் நேரடிச் செயல்களாகவே எண்ணப்பட்டன.

இவ்விளக்கத்தைச் சோதிக்கக்கூடிய ஒரு செய்தி ஏற்கெனவே பதிவாகியிருந்தது. 1846-இல் ஃபாரோ தீவுகளில் தட்டம்மை பரவியபோது, ஏறத்தாழ 7,800 மக்களில் 6,000-க்கும் மேற்பட்டோர் நோயுற்றனர். டென்மார்க் அரசு அங்கு அனுப்பிய இளம் மருத்துவர் பீட்டர் பானும், தொற்று ஏற்பட்ட நாளுக்கும் தடிப்பு தோன்றும் நாளுக்கும் இடையே 13 அல்லது 14 நாட்கள் ஏறத்தாழ மாறாமல் கழிவதைக் குறித்தார். இந்த நோயரும்பு காலம் ஏன் இத்துணை ஒழுங்காக அமைகிறது? கிருமி பெருகி நஞ்சு திரள்வதற்கு அக்காலம் வேண்டும் என்பதே பொதுவாகக் கூறப்பட்ட விடை.

வியன்னாவில் குழந்தை மருத்துவராக இருந்த கிளெமன்ஸ் ஃபொன் பிர்கே இவ்விடையை ஐயுற்றார். அக்காலத்தில் தொண்டை அடைப்பான் கண்ட குழந்தைகளுக்குக் குதிரையின் இரத்தத்திலிருந்து பிரித்த ஊநீர் ஊசியாகச் செலுத்தப்பட்டது. அவ்வாறு ஊசி பெற்ற சில குழந்தைகளுக்கு ஒரு வாரம் அல்லது பத்து நாட்கள் கழித்துக் காய்ச்சலும் தோல்தடிப்பும் மூட்டுவலியும் தோன்றின. அதே குழந்தைக்குப் பின்னொரு காலத்தில் மீண்டும் ஊநீர் செலுத்தினால் அதே அறிகுறிகள் மிக விரைவில் தோன்றின. ஊநீரில் கிருமி இல்லை. பெருகுவதற்கு அதில் எதுவுமில்லை. எனினும் அங்கும் ஒரு நோயரும்பு காலம் இருந்தது. அப்படியாயின் அந்நாட்களில் வளர்ந்தது உள்ளே புகுந்த பொருளாக இருக்க இயலாது. உடல் அப்பொருளுக்கு எதிராக உருவாக்கும் எதிர்ப்பொருளே அந்நாட்களில் வளர்ந்தது என்று பிர்கே முடிவுசெய்தார். இரண்டாம் முறை உடல் முன்பே ஆயத்தமாக இருந்ததால் அறிகுறிகள் விரைந்தன. 1905-இல் பேலா ஷிக்குடன் சேர்ந்து அவர் ஊநீர் நோய் பற்றிய நூலை வெளியிட்டார். அடுத்த ஆண்டு, உடலின் இவ்வாறு மாறிய எதிர்வினைத் திறனைக் குறிக்க 'அலர்ஜி' என்னும் சொல்லைப் படைத்தார். பாதுகாப்பும் நோயும் ஒரே செயலின் இரு முகங்களாக இருக்கக்கூடும் என்னும் கருத்து மருத்துவத்துக்குள் தெளிவாக நுழைந்த இடம் இதுவே.

இக்கருத்து சுவாச நோய்களுக்குப் பொருத்திப் பார்க்கப்படுவதற்குள் 1918-இன் இன்ஃப்ளுயன்சா வந்தது. ஜூன் மாதம் பம்பாய்த் துறைமுகப் பகுதியில் தொடங்கிய நோய் இரயில் பாதைகளின் வழியே துணைக்கண்டம் முழுவதும் பரவியது. செப்டம்பரில் எழுந்த இரண்டாம் அலையே பேரழிவாயிற்று. பிரித்தானிய இந்தியாவில் இறந்தோரின் தொகை 1 கோடியே 20 லட்சம் முதல் 2 கோடி வரை மதிப்பிடப்படுகிறது. வழக்கமான இன்ஃப்ளுயன்சாவில் முதியோரும் கைக்குழந்தைகளும் மிகுதியாக இறப்பர். 1918-இல் 20 முதல் 40 வயது வரையிலானோர் பெருந்தொகையில் இறந்தனர். வலிய உடலே வலிய எதிர்வினையைத் தந்து தன்னை அழித்துக்கொண்டது என்னும் விளக்கம் பின்னாளில் பரவலாயிற்று. மீட்டுருவாக்கப்பட்ட 1918 வைரஸ் குரங்குகளில் கட்டுமீறிய எதிர்வினையைத் தூண்டியதாக 2007-இல் வெளியான ஆய்வு இதற்கு ஆதரவளித்தது.

ஆயினும் இவ்விளக்கத்தை அளவறிந்தே ஏற்க வேண்டும். 1918-இல் இறந்தோரின் பாதுகாக்கப்பட்ட நுரையீரல் திசுக்களை ஆராய்ந்த அமெரிக்க ஆய்வாளர்கள், பெரும்பாலான இறப்புகளில் பாக்டீரியா நிமோனியா பின்தொடர்ந்து வந்திருந்ததை 2008-இல் காட்டினர். இந்தியாவின் புள்ளிகள் மேலும் ஒன்றைக் கூறுகின்றன. பம்பாய் நகரில் ஆயிரம் பேருக்கு இறந்தோர், ஐரோப்பியரில் 8.3, அன்றைய பதிவுகள் தாழ்ந்த சாதி இந்துக்கள் என்று வகைப்படுத்தியோரில் 61.6. அதே ஆண்டில் பருவமழை பொய்த்தது. உணவு விலை ஏறியது. எதிர்வினை ஆற்றும் உடல் உணவுண்ட உடலா, பசித்த உடலா, காற்றோட்டமுள்ள வீட்டில் படுத்த உடலா, நெரிசலான ஒற்றை அறையில் படுத்த உடலா என்பதை விலக்கிவிட்டு அதன் எதிர்வினையைப் பற்றிப் பேச இயலாது.

இன்ஃப்ளுயன்சாவின் காரணி வைரஸ் என்பது 1933-இல் உறுதிப்பட்டது. இலண்டனில் வில்சன் ஸ்மித், கிறிஸ்டோஃபர் ஆண்ட்ரூஸ், பாட்ரிக் லெய்ட்லா ஆகியோர் நோயாளியின் தொண்டை கழுவிய நீரை வடிகட்டிக் கீரி இனத்தை ஒத்த ஃபெரட் விலங்கின் மூக்கில் இட்டபோது, அது காய்ச்சல் கண்டு தும்மியது. வைரஸ் இல்லாமல் நோய் இல்லை என்பது இதனால் மெய்ப்பிக்கப்பட்டது. வைரஸ் இருந்தால் அறிகுறி இருக்குமா என்பது வேறு கேள்வி. அதற்கு விடை தேடும் வாய்ப்பு இங்கிலாந்தின் சால்ஸ்பரி நகருக்கு அருகே 1946 முதல் 1990 வரை இயங்கிய சளி ஆய்வு நிலையத்தில் கிட்டியது. தன்னார்வலர்கள் பத்து நாட்கள் அங்குத் தங்கினர். அவர்களின் மூக்கில் சளி வைரஸ் சொட்டுகளாக இடப்பட்டது. அவர்கள் பயன்படுத்திய காகிதக் கைக்குட்டைகள் எண்ணப்பட்டன. அங்கு 394 பேரிடம் செய்யப்பட்டு 1991-இல் வெளியான ஆய்வின்படி, மன அழுத்தத்தின் அளவுக்கு ஏற்ப 74 முதல் 90 விழுக்காட்டினருக்குத் தொற்று ஏற்பட்டது. ஆனால் சளி நோய் வெளிப்பட்டது 27 முதல் 47 விழுக்காட்டினருக்கே. ஒரே வைரஸ், ஒரே வழி, ஒரே இருப்பிடம். இருந்தும் தொற்றுற்றோரில் பலர் தும்மவில்லை.

இதனினும் கூர்மையான சான்று தட்டம்மையில் கிடைத்தது. தட்டம்மை தோல் நோயாகத் தோன்றினாலும் அது காற்றின் வழியே மூச்சுப்பாதைக்குள் நுழையும் வைரஸ் நோய். 1950-களில் இரு வகைக் குழந்தைகளை மருத்துவர்கள் கண்டனர். முதல் வகையினர் எதிர்ப்பொருளைத் தேவையான அளவு உண்டாக்க இயலாத பிறவிக் குறை உடையவர்கள். அவர்களுக்குத் தட்டம்மை வந்தபோது வழக்கம்போல் தடிப்பு தோன்றியது. வழக்கம்போல் அவர்கள் தேறினர். இரண்டாம் வகையினர் இரத்தப் புற்றுநோய் போன்றவற்றால் எதிர்ப்புச் செல்களின் ஆற்றலை இழந்தவர்கள். அவர்களில் சிலருக்குத் தடிப்பே தோன்றவில்லை. நுரையீரலில் பேருயிரணுக்கள் நிறைந்த நிமோனியா கண்டு இறந்தனர். பாஸ்டனில் ஜான் எண்டர்ஸ் குழுவினர் இறந்தோரின் உடலிலிருந்து தட்டம்மை வைரஸைப் பிரித்தெடுத்து 1959-இல் அறிவித்தனர். தடிப்பில்லாத இக்குழந்தைகளின் உடலில் வைரஸ் தடையின்றிப் பெருகியிருந்தது.

இதன் பொருளை ஆஸ்திரேலிய அறிஞர் மக்ஃபார்லேன் பர்னெட் 1968-இல் தொகுத்துரைத்தார். தட்டம்மையின் செந்தடிப்பு, தோலின் நுண்குழாய்களில் குடியேறிய வைரஸை எதிர்ப்புச் செல்கள் தாக்கும் இடம். தாய்மார் அஞ்சிய அத்தடிப்பு, உண்மையில் உடல் விழித்துக்கொண்டதன் அடையாளம். பானும் குறித்த 13, 14 நாட்கள், பிர்கே ஊகித்தவாறே, உடலின் எதிர்வினை முதிர்வதற்கான காலம். தடிப்பு தோன்றுவதற்கு நான்கு நாட்கள் முன்பிருந்தே குழந்தை பிறருக்கு நோயைப் பரப்பும் என்பதும் இதனோடு பொருந்துகிறது. வைரஸின் காலஅட்டவணை வேறு. அறிகுறியின் காலஅட்டவணை வேறு.

எதிர்வினை இல்லையேல் இறப்பு என்று தட்டம்மை கற்பித்தது. அவ்வாறாயின் எதிர்வினையை முன்கூட்டியே தூண்டிவிட்டால் போதும் என்று எண்ணத் தோன்றும். அவ்வெண்ணம் எவ்வளவு ஆபத்தானது என்பதை 1966-இல் வாஷிங்டனில் நிகழ்ந்த துயரம் காட்டியது. கைக்குழந்தைகளின் சிறு மூச்சுக்குழல்களைப் பாதிக்கும் ஆர்.எஸ்.வி. எனப்படும் வைரஸுக்கு எதிராக, அவ்வைரஸை ஃபார்மலினால் செயலிழக்கச் செய்து ஒரு தடுப்பூசி உருவாக்கப்பட்டது. அதே முறையில் போலியோவுக்கு வெற்றி கிட்டியிருந்தது. ஊசி பெற்ற குழந்தைகளின் இரத்தத்தில் எதிர்ப்பொருள் தோன்றியது. பின்னர்க் குளிர்காலத்தில் இயற்கையான தொற்று வந்தபோது, ஊசி பெற்றுத் தொற்றுற்ற குழந்தைகளில் 80 விழுக்காட்டினர் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டனர். ஒப்பீட்டுக் குழுவில் அது 5 விழுக்காடு மட்டுமே. ஊசி பெற்ற இரு குழந்தைகள் இறந்தன.

அவ்வெதிர்ப்பொருள்கள் வைரஸோடு ஒட்டின. அதைச் செயலிழக்கச் செய்யவில்லை. தவறாகப் பயிற்றப்பட்ட எதிர்வினை, வைரஸைத் தடுக்காமல் நுரையீரலில் அழற்சியை மட்டும் பெருக்கியது. வைரஸின் மேற்புறப் புரதம் செல்லோடு இணைவதற்கு முன் எவ்வடிவில் உள்ளதோ அவ்வடிவத்தையே உடலுக்குக் காட்ட வேண்டும் என்பது 2013-இல் ஜேசன் மெக்லெல்லன், பார்னி கிரகாம் முதலியோரின் ஆய்வால் தெளிவாயிற்று. அதன் அடிப்படையில் அமைந்த தடுப்பூசிகள் 2023-இல் அமெரிக்காவில் ஒப்புதல் பெற்றன. எதிர்வினையின் அளவைக் காட்டிலும் அதன் இலக்கு முதன்மையானது என்பதை அறிய மருத்துவம் ஏறத்தாழ அரை நூற்றாண்டு செலவிட்டது.

தடிப்புக்கும் அழற்சிக்கும் உடலே காரணமாயின், காய்ச்சலுக்கும் உடல்வலிக்கும் காரணம் எது? 1948-இல் அமெரிக்க மருத்துவர் பால் பீசன், வெள்ளையணுக்களிலிருந்து எடுத்த ஒரு பொருள் முயல்களுக்குக் காய்ச்சலை உண்டாக்குவதைக் கண்டார். காய்ச்சலூட்டும் பொருள் உடலுக்குள்ளேயே உருவாகிறது என்பதற்கு இதுவே முதல் உறுதியான சான்று. சார்லஸ் டினரெல்லோ 1977-இல் அப்பொருளைத் தூய்மையாகப் பிரித்தார்; இன்று அது இன்டர்லூக்கின்-1 என்று அறியப்படுகிறது. இத்தகைய பொருள்கள் மூளையின் ஹைபோதலாமஸ் பகுதியில் புரோஸ்டாகிளாண்டின் உருவாவதைத் தூண்டி, உடல் வெப்பத்தின் இலக்கு அளவையே உயர்த்துகின்றன. ஆஸ்பிரின் புரோஸ்டாகிளாண்டின் உருவாவதைத் தடுக்கிறது என்பதை ஜான் வேன் 1971-இல் காட்டினார். காய்ச்சல் மாத்திரை வைரஸைத் தொடுவதே இல்லை. உடல் தனக்குத்தானே இட்ட ஆணையை அது இடைமறிக்கிறது.

இவ்வரலாற்றின் மிகத் தெளிவான சோதனை, அவ்வாறு திட்டமிடப்படாமலேயே நிகழ்ந்தது. 1957-இல் இலண்டனின் மில் ஹில் ஆய்வகத்தில் அலிக் ஐசக்ஸ், ஜான் லிண்டன்மன் ஆகியோர், வெப்பத்தால் செயலிழந்த இன்ஃப்ளுயன்சா வைரஸைக் கோழிமுட்டைச் சவ்வில் இட்டபோது, அச்சவ்வு பிற வைரஸைத் தடுக்கும் ஒரு பொருளைச் சுரப்பதைக் கண்டனர். அதற்கு இன்டர்ஃபெரான் என்று பெயரிட்டனர். ஃபின்லாந்தில் கரி கான்டெல், குருதிக்கொடையாளர்களின் வெள்ளையணுக்களிலிருந்து அதை மருத்துவப் பயன்பாட்டுக்கு உருவாக்கினார். அதைப் பெற்ற நோயாளிகளுக்குக் காய்ச்சல், குளிர்நடுக்கம், தலைவலி, தசைவலி, பெருஞ்சோர்வு ஆகியவை தோன்றின. மருந்தில் கலந்துள்ள மாசுகளே காரணம் என்று முதலில் கருதப்பட்டது. 1980-இல் இன்டர்ஃபெரான் மரபணு நகலெடுக்கப்பட்டு, பாக்டீரியாவின் வழியே தூய இன்டர்ஃபெரான் உருவாக்கப்பட்டது. அதைப் பெற்றோருக்கும் அதே காய்ச்சல், அதே வலி, அதே சோர்வு. உடலில் இன்ஃப்ளுயன்சா வைரஸ் ஒன்றுகூட இல்லை; இன்ஃப்ளுயன்சாவின் அறிகுறிகள் அனைத்தும் இருந்தன.

தட்டம்மைக் குழந்தைகளிடம் வைரஸ் இருந்தது, அறிகுறி இல்லை. இன்டர்ஃபெரான் பெற்றோரிடம் அறிகுறி இருந்தது, வைரஸ் இல்லை. இவ்விரு சான்றுகளும் ஒன்றையொன்று நிறைவுசெய்கின்றன. பின்னர் ஃபிரெடரிக் ஹெய்டன் குழுவினர், தன்னார்வலர்களுக்கு இன்ஃப்ளுயன்சா வைரஸைச் செலுத்தி, மூக்கு கழுவிய நீரில் இன்டர்ஃபெரானும் இன்டர்லூக்கின்-6-உம் உயர்வதும் அறிகுறிகள் கூடுவதும் இணைந்தே செல்வதை 1998-இல் அளந்து காட்டினர். இதனால் வைரஸ் தீங்கற்றது என்றாகாது. இன்ஃப்ளுயன்சா வைரஸ் மூச்சுக்குழல் உட்பரப்புச் செல்களை நேரடியாகவே அழிக்கிறது. சாதாரணச் சளி வைரஸோ மூக்கின் உட்பரப்பைப் பெரிதும் சிதைப்பதில்லை. எந்த அறிகுறியில் யாருடைய பங்கு எவ்வளவு என்பது வைரஸுக்கு வைரஸ் வேறுபடும்.

இந்த அறிவு 2020-இல் பெரும் சோதனைக்கு உள்ளாயிற்று. 2003-இன் சார்ஸ் நோயில், காய்ச்சல் தொடங்கிப் பல நாட்கள் கழித்தே வைரஸ் வெளியேற்றம் உச்சத்தை அடைந்தது. காய்ச்சல் கண்டவரைப் பிரித்துவைப்பது அங்குப் பயன் தந்தது. அப்படிப்பினையின் தொடர்ச்சியாகவே 2020-இல் விமான நிலையங்களிலும் அலுவலக வாயில்களிலும் வெப்பமானிகள் நெற்றியை நோக்கி நீட்டப்பட்டன. ஆனால் கோவிட்-19 வைரஸ், செல்கள் இன்டர்ஃபெரான் எழுப்பும் முதல் எச்சரிக்கையை மட்டுப்படுத்தும் திறன் உடையது. எனவே அறிகுறி தோன்றுவதற்கு முன்பே அது மிகுதியாகப் பரவியது. வாயிலில் நின்ற கருவி அளந்தது உடலின் எதிர்வினையை. தடுக்க வேண்டியதோ அதற்கு முன்பே புறப்பட்டுவிட்ட வைரஸை.

சிகிச்சையிலும் காலமே முதன்மையாயிற்று. கடுங்கோவிட் கண்ட 987 பேரை ஆராய்ந்த பன்னாட்டுக் குழு ஒன்று, அவர்களில் 101 பேரின் இரத்தத்தில் தம் சொந்த இன்டர்ஃபெரானையே முடக்கும் எதிர்ப்பொருள்கள் இருப்பதை 2020-இல் அறிவித்தது. தொடக்க எதிர்வினை குன்றியதால் வைரஸ் பெருகி, பின்னெழுந்த எதிர்வினை கட்டுமீறிற்று. அதே ஆண்டில் பிரிட்டனின் ரெக்கவரி ஆய்வு டெக்சாமெத்தசோன் என்னும் மலிவான ஸ்டீராய்டைச் சோதித்தது. செயற்கைச் சுவாசக் கருவியில் இருந்தோரில் 28 நாட்களுக்குள் இறந்தோர் 41.4 விழுக்காட்டிலிருந்து 29.3 விழுக்காடாகக் குறைந்தனர். ஆக்சிஜன் தேவைப்படாதோருக்கு எப்பயனும் கிட்டவில்லை. அவர்களில் இம்மருந்து பெற்றோரிடையே இறப்பு விகிதம் சற்று மிகுந்தே காணப்பட்டது. எதிர்வினையை அடக்கும் ஒரே மருந்து, நோயின் பின்கட்டத்தில் உயிர் காத்தது; முன்கட்டத்தில் வைரஸுக்கு எதிரான உடலின் ஆயுதத்தைப் பறிக்கக்கூடியதாயிற்று.

இந்த இரண்டாம் பாதியே இந்தியாவில் பல இடங்களில் மறக்கப்பட்டது. 2021-இன் ஏப்ரல், மே மாதங்களில் படுக்கையும் ஆக்சிஜனும் கிட்டாத அச்சத்தில், காய்ச்சல் தொடங்கிய முதல் நாட்களிலேயே ஸ்டீராய்டு மாத்திரை உட்கொண்டோர் பலர். மருந்துச்சீட்டுகள் கைப்பேசி வழியே கைமாறின. ஸ்டீராய்டு எடுத்தவுடன் காய்ச்சல் தணிந்தது. குணமாகிவிட்டதாக நம்பிக்கை பிறந்தது. அறிகுறியை நோயென்று கருதும் பழைய பிழை இங்கு மீண்டும் தோன்றியது. கட்டுப்பாடற்ற நீரிழிவும் ஸ்டீராய்டின் மிகைப் பயன்பாடும் சேர்ந்த உடல்களில் கருப்புப் பூஞ்சை நோய் பரவியது. அவ்வாண்டு ஜூன் இறுதிக்குள் 40,000-க்கும் மேற்பட்டோருக்கு அந்நோய் பதிவாயிற்று. பலர் கண்ணை இழந்தனர், பலர் உயிரிழந்தனர்.

அதே ஆண்டுகளில் 'நோய் எதிர்ப்பாற்றலைக் கூட்டுதல்' என்னும் முழக்கமும் நாடெங்கும் ஒலித்தது. கஷாயப் பொடி முதல் பிஸ்கட் வரை பலவும் அப்பெயரில் விற்பனையாயின. எதிர்ப்பாற்றல் என்பது கூட்டவும் குறைக்கவும் இயலும் ஒற்றை அளவு என்னும் எண்ணம் அம்முழக்கத்தின் அடித்தளம். மேலே கண்ட வரலாறு அவ்வெண்ணத்துக்கு இடமளிக்கவில்லை. எதிர்வினை இன்றி இறந்த தட்டம்மைக் குழந்தைகளும், தவறான எதிர்வினையால் இறந்த ஆர்.எஸ்.வி. குழந்தைகளும், காலம் பிந்திய எதிர்வினையால் மூச்சுத் திணறிய கோவிட் நோயாளிகளும் அதற்குச் சான்று. எதை நோக்கி, எப்போது, எவ்வளவு காலம் என்னும் மூன்று வினாக்கள் இன்றி எதிர்ப்பாற்றலைப் பற்றிய பேச்சு பொருளற்றது.

இவ்வரலாற்றிலிருந்து காய்ச்சல் மாத்திரையே உட்கொள்ளக் கூடாது என்ற முடிவுக்கு வருவதும் பிழையாகும். 1990-இல் வெளியான ஓர் ஆஸ்திரேலிய ஆய்வில், சளி வைரஸ் செலுத்தப்பட்டு ஆஸ்பிரின் அல்லது பாரசிட்டமால் உட்கொண்டோருக்கு எதிர்ப்பொருள் சற்றுக் குறைந்தும் மூக்கடைப்பு மிகுந்தும் காணப்பட்டது உண்மையே. அது 56 பேரிடம் செய்யப்பட்ட சிறிய ஆய்வு; உறக்கமின்றித் தவிக்கும் நோயாளியின் துன்பத்தைத் தணிப்பதை அது குற்றமாக்கவில்லை. அது நினைவூட்டுவது இதுவே: துன்பம் தணிவதும் நோய் தீர்வதும் வெவ்வேறு நிகழ்வுகள். காய்ச்சல் தணிந்தவர் நோயைப் பரப்பமாட்டார் என்றோ, காய்ச்சலே வராதவருக்குத் தொற்று இல்லை என்றோ, அறிகுறி கடுமையானவரிடம் வைரஸ் மிகுதி என்றோ முடிவுகட்ட இயலாது. அடுத்த பெருந்தொற்றின்போது வாயிலில் எதை அளப்பது, மாத்திரையை எந்நாளில் தருவது, தடுப்பூசியின் வெற்றியை எதைக்கொண்டு மதிப்பிடுவது என்னும் முடிவுகள் யாவும் இவ்வேறுபாட்டை உணர்ந்தோர் எடுக்க வேண்டியவை.